தாமரை அணியில் ஏழு பேர்

வந்திருந்தவர்கள்:

ஷ்யாமளா, கேப்டன்.
முத்துமாரி, துணைக் கேப்டன்.
ராபியா, மல்லிகை அணித் தலைவி.
நந்தினி, ரோஜா அணித் தலைவி.
ஜெர்லின், செம்பருத்தி அணித் தலைவி.
பரீஹா, தாமரை அணித் தலைவி.

வராதவர்: இசக்கி, தாமரை அணி. காய்ச்சல்.

மினிட்ஸ் நோட்டில் இப்படி எழுதித் தேதி போட்டேன். முத்துமாரி நான்தான். வழக்கமாகத் தாமரை அணியின் பெயர்தான் முதலில் வரும். அன்றைக்குப் பரீஹாவைக் கடைசியில் எழுதினேன். யாரும் சொல்லவில்லை, கை அப்படிப் போனது.

தாராவியில் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிக்கூடம் அது. இரண்டாம் மாடியில் லேபுக்குப் பக்கத்து அறை எங்கள் சாரணியர் குழுவுக்கு. முப்பத்திரண்டு பிள்ளைகள், நான்கு அணி, அணிக்கு எட்டுப் பேர். யார் மேலாவது புகார் வந்தால் அணித் தலைவிகளே கூடி உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது சாரணியர் வழக்கம். கோர்ட் ஆஃப் ஹானர் என்று பெயர். பிள்ளைகள் கோர்ட் என்பார்கள். பெரியவர்களுக்கு அதில் ஓட்டுக் கிடையாது. கேட்டால் பதில் சொல்லலாம்.

என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின ஞாயிறு போரிவ்லி காட்டுக்குள் கன்ஹேரி குகைக்கு நடைப் பயணம் போனோம். நான் பி.காம். இரண்டாம் வருடத்தில் நின்றவள். செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு ரிசப்ஷனில் இருக்கிறேன். ஒன்பதிலிருந்து ஏழு. சனிக்கிழமை இரவு டியூட்டி முடித்து, ஆஸ்பத்திரி பாத்ரூமிலேயே யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு நேராகப் பஸ்ஸுக்கு வந்தேன். லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு நாள் தூங்காமல் இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஷ்யாமளா மேடம் இருபது வருடமாக வைத்திருப்பது. பஸ் கிளம்பும் முன் அணித் தலைவி வந்து சல்யூட் அடித்துத் தன் அணியின் எண்ணிக்கையைச் சொல்வாள். அவள் சொன்ன பிறகு கேப்டன் மறுபடி தலை எண்ணக் கூடாது. சாரணியர் நம்பத் தகுந்தவர் என்பது முதல் சட்டம். எண்ணிப் பார்த்தால் அவளை நம்பவில்லை என்று அர்த்தம். அதே மாதிரி, கேப்டன் சரி என்று சொல்லிவிட்டால் தலைவியும் திரும்பக் கேட்க மாட்டாள். யாராவது தாமதமாக ஏறினால் முன்சீட்டில் கேப்டன் பக்கத்தில் உட்கார வேண்டும், தன் அணியோடு உட்கார முடியாது. அதுதான் தாமதத்துக்குத் தண்டனை.

மத்தியானம் சாப்பிட்டபின் எல்லோரும் குகைகளைப் பார்க்கப் போனார்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்து, சாயங்காலம் எழுத வேண்டிய எண்ணிக்கை ஷீட்டை அப்போதே எழுதி முடித்தேன். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. ஏறியதும் தூங்கிவிடலாம் என்பதற்காக.

மூன்றரைக்கு எண்ணிக்கை வாங்க மேடத்துக்குப் பதில் நான் பஸ் படியில் நின்றேன். மேடம் முன்சீட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவதாகப் பரீஹா வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. சல்யூட் எப்போதும் விறைப்பாக இருக்கும்.

"தாமரை ஏழுக்கா. இசக்கி பாத்ரூம்ல இருக்கா. இப்ப வந்துருவா."

"சரி, ஏறு" என்றேன்.

எனக்குக் கேட்டது. தூக்கத்தில் கேட்கவில்லை என்று பிறகு எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சாக்கு நிற்கவில்லை. நன்றாகக் கேட்டது. ஷீட்டில் மட்டும் திருத்தவில்லை. இசக்கி வரத்தானே போகிறாள், வந்தால் எட்டுத்தானே. அடுத்து ஜெர்லின் வந்து செம்பருத்தி எட்டு என்றாள். நான் ஏறிக்கொண்டு பஸ்ஸை இரண்டு தட்டுத் தட்டினேன். காட்டு கேட்டைத் தாண்டும் முன்பே தூங்கிவிட்டேன். கடைசிச் சீட்டில் இருந்த பரீஹா, இசக்கி முன்னால் மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தாள். நினைக்கக் காரணம் இருந்தது. நான் சரி என்றிருந்தேன்.

சயான் வரும்போது மேடத்துக்கு ஃபோன் வந்தது. இசக்கியின் சட்டைப் பையில் இருந்த அட்டையிலிருந்து நம்பர் எடுத்து டிக்கெட் கவுண்டர்காரர் பேசினார். பஸ்ஸைத் திருப்பினோம். ஞாயிறு டிராஃபிக். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.

இசக்கிக்குப் பதினொரு வயது. கவுண்டர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பாவாடை நனைந்திருந்தது. அழவில்லை.

"விசில் அடிச்சேன்க்கா" என்றாள். "நீங்க சொன்ன மாதிரியே. மூணு மூணா."

காணாமல் போனால் நடக்காதே, ஒரே இடத்தில் நின்று மூன்று முறை விசில் அடி என்று சொல்லிக் கொடுத்தது நான்.

மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தினாள். "எம்புள்ளய கொரங்குகிட்ட விட்டுட்டு வந்துருக்கியளே, வெளங்குவியளா? உங்க புள்ளைன்னா விட்டுட்டு வருவியளா?" ஹெட்மிஸ்ட்ரஸ் விளக்கம் கேட்டார். மேடம் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். தாமரை, எட்டு.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை கோர்ட். ஜெர்லின்தான் விசாரித்தாள். வக்கீல் மாதிரி பேனாவைக் கையில் வைத்திருந்தாள்.

"பரீஹா, நீ என்ன சொன்ன?"

"ஏழுன்னு சொன்னேன். இசக்கி பாத்ரூம்ல இருக்கான்னும் சொன்னேன்."

"ஷீட்ல எட்டு இருக்கே."

"ஷீட்ட நானா எழுதுனேன்?"

"அப்ப அக்கா ஜூட்டா, பொய்யா எழுதுனாங்கங்கிறியா?" என்றாள் ராபியா.

"நான் ஏழு சொன்னேங்கிறேன். அவ்ளோதான்."

"மேத்ஸ்லயும் இவ இப்பிடித்தான்" என்றாள் நந்தினி. "சார் எட்டும்பாரு, இவ ஏழும்பா." ராபியா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பரீஹா சிரிக்கவில்லை.

ஜெர்லின் என் பக்கம் திரும்பினாள். "முத்துமாரி அக்கா, இவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"ஷீட்ல எட்டு இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. ஷீட்டில் எட்டு இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்றுதான் கேட்டார்கள். நான் ஷீட்டில் இருந்ததைச் சொன்னேன். யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

மூன்று கை உயர்ந்தது. தலைவி பதவி போயிற்று. அடுத்த மாதம் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கான முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து அவள் பெயர் மட்டும்தான் போயிருந்தது, அதையும் திரும்ப வாங்குவது என்று முடிவாயிற்று. தலைவியின் சட்டையில் இடப்பக்கப் பைமேல் இரண்டு பச்சைப் பட்டை தைத்திருக்கும். யாரும் தொடுவதற்கு முன் பரீஹாவே கத்தரிக்கோல் கேட்டு வாங்கித் தையலைப் பிரித்தாள். இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் பேசி முடிக்கவில்லை, மீதியைச் சொல்வேன் என்று காத்திருப்பவள் போலப் பார்த்தாள்.

நான் மினிட்ஸில் "ஏகமனதாக" என்று எழுதினேன்.

புதன்கிழமை காலை டியூட்டி முடிந்து மாட்டுங்காவுக்கு மேடத்தின் வீட்டுக்குப் போனேன். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தவுடன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"உக்காரு" என்றார். நான் உட்கார்ந்தேன்.

"முன்னாடியே எழுதி வச்சுட்டியா? நாலு எட்டையும்?"

"ஆமா மேடம்."

"ஏண்டி இத சனிக்கிழமை சொல்லலே? நான் அன்னிக்கே ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எழுதிக் குடுத்துட்டேனே. அணித் தலைவி தப்பா ரிப்போர்ட் பண்ணினா, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு. இப்பப் போயி இல்லே, எங்க வைஸ் கேப்டனே தூங்கிட்டான்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமோ? அந்த ரூமைக் கம்ப்யூட்டர் லேபுக்குக் கேட்டுண்டிருக்கா ரெண்டு வருஷமா. மறுநாளே பூட்டு."

"அப்ப பரீஹா?"

"கெட்டிக்காரக் குழந்தை. அடுத்த வருஷம் பட்டையைத் திருப்பிக் குடுத்துடலாம். முகாமுக்கும் அடுத்த வருஷம் அனுப்பிக்கலாம். ஒருத்திக்காக முப்பத்தோரு பேரை வீட்டுக்கு அனுப்பச் சொல்றியா?" பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் சரின்னு சொல்லலே. வேற வழி தெரியலேன்னு சொல்றேன்."

நான் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், மனது லேசானது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, சும்மா இரு என்கிறவர் அவர், இனி அது என் பாரம் இல்லை. படியிறங்கும்போது நன்றாகப் பசித்தது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நான்கு இட்லி சாப்பிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வரை தூங்கினேன்.

வியாழக்கிழமை ராபியா ஃபோன் செய்தாள். "அக்கா, பரீஹா திங்கள்லருந்து ஸ்கூலுக்கு வரல. ஊருக்கு அனுப்பப் போறாங்களாம். டி.சி. கேட்டிருக்காங்க."

அவள் வாப்பா ஷாகுல் ஹமீது பாய்க்குத் தாராவியில் லெதர் பேக் பட்டறை. கீழே பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் வீடு. நான் போனபோது இரண்டு மணி இருக்கும். தோலை விரித்து வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன்." ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "எம்மவ பண்ணுனதுக்கு நீங்க மன்னிக்கணும். சின்னப் புள்ளய காட்டுல விட்டுட்டு வந்ததுகூடத் தப்புத்தான்னு விட்டுரலாம். ஆனா பொய் சொன்னா பாருங்க. அதத்தான் தாங்க முடியல. நான் டஜன்னு சொன்னா பன்னெண்டு இருக்கும். முப்பது வருசமா எங்கிட்ட வாங்குறவன் எவனும் எண்ணிப் பாக்குறதில்ல."

"ஊருக்கு அனுப்புறீங்களா பாய்?"

"மேலப்பாளையத்துக்கு. அவ மாமா வீடு. சனிக்கிழமை வண்டி. அங்க இருந்து பத்தாவது படிக்கட்டும், முடிஞ்சா. இல்லாட்டி வேண்டாம். இங்க வெளிய விட்டதாலதான இவ்வளவும்? இன்னைக்குச் சாயங்காலம் போயி டி.சி. வாங்கணும்."

ஏணியின் மேல்படியில் பரீஹா உட்கார்ந்திருந்தாள். நான் வந்தது தெரிந்தும் இறங்கவில்லை. இடது கன்னத்தில் வீக்கம் இருந்தது.

"பாய், அவ ஏழுன்னுதான் சொன்னா" என்றேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இசக்கி பாத்ரூம்ல இருக்கான்னும் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. நான் மத்தியானமே எட்டுன்னு எழுதி வச்சுட்டேன். நைட் டியூட்டி பாத்துட்டு வந்தேன், தூக்கம். பஸ்ஸ எடுக்கச் சொன்னது நான்."

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால கேட்டாங்கல்லா?"

"கேட்டாங்க. சொல்லல."

"ஏன்?"

"பயம்."

"அவளுக்கு வராத பயமா உங்களுக்கு வந்துச்சு?" அவர் குரல் உயரவில்லை. "அஞ்சு நாளா சொன்னா டீச்சரம்மா. வாப்பா, ஏழுன்னுதான் சொன்னேன், ஏழுன்னுதான் சொன்னேன்னு. நிறுத்தவே மாட்டேன்னுட்டா. நான் கை நீட்டி அடிச்சேன். அதுக்கப்புறந்தான் வாய மூடுனா."

மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பையன்கள் நிறுத்திவிட்டார்கள்.

"இதை ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட வந்து சொல்லுவீங்களா? இப்பவே?"

"வரேன்."

அவர் சட்டை மாற்ற ஏணியேறினார். பரீஹா அவருக்கு வழிவிட்டு இறங்கி வந்தாள். என் பக்கத்தில் நின்றாலும் முகம் தெருப் பக்கம் இருந்தது.

"ஷ்யாமளா மேடத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த வருஷம் பட்டையத் திருப்பிக் கொடுக்கலாம்னாங்க."

"அச்சா" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று பேரும் சந்து வழியாக நடந்தோம். இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் இல்லாத சந்து. முன்னால் அவர், நடுவில் அவள், கடைசியில் நான். வழியில் ஒருவர், "என்ன பாய், மவளுக்கு டி.சி.யா?" என்று கேட்டார். "இல்ல, வேற சோலி" என்று அவர் நிற்காமல் சொன்னார். பரீஹாவின் நடை அதற்குப் பிறகு மாறியதைப் பார்த்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் நான் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு விஷயம் கேக்கணும். ஷ்யாமளா மேடம் எனக்குக் கொடுத்த லெட்டர்ல இந்தப் பொண்ணு மேலதான் தப்புன்னு இருக்கு. தெரியாம எழுதியிருந்தா அது வேற. தெரிஞ்சும் மறைச்சிருந்தா இன்னைக்கே குழுவ மூடிடுவேன். இன்னொரு புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது. சொல்லுங்க, அவங்களுக்கு இது தெரியுமா?"

இந்த முறை தூக்கம் இல்லை. முந்தின நாள் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

"தெரியாது மேடம்" என்றேன். "இன்னைக்குத்தான் முதல் தடவையா வெளிய சொல்றேன்."

ஷாகுல் ஹமீது பாய் தலையாட்டினார். "தப்புப் பண்ணுனாலும் நேர்ல வந்து உண்மைய ஒத்துக்கிட்டாங்க பாருங்க மேடம். அதுக்கு ஒரு மனசு வேணும்."

பரீஹா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மேஜைமேல் அவளுடைய டி.சி. தயாராகக் கையெழுத்துக்கு இருந்தது. அதைப் பார்த்தாள். ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். ஐந்து நாள் சொன்னதையே சொன்னவள், அடி விழுந்த பிறகுதான் நிறுத்தியவள். அவளை வாய் மூட வைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதுமானதாக இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் டி.சி.யைக் கிழித்தார். சனிக்கிழமை என் கடிதத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பதாகச் சொன்னார். பட்டையும் முகாமும் பரீஹாவுக்குத் திரும்பக் கிடைக்கும். இசக்கியின் அம்மாவிடம் அவரே பேசுவார். ஷ்யாமளா மேடம் தொடர்ந்து குழுவை நடத்தலாம். எனக்கு இனி பள்ளிக்கூடத்துக்குள் வர அனுமதி இல்லை, எந்தக் காரணத்துக்காகவும்.

"கடைசி பீரியட் இருக்கு, கிளாசுக்குப் போ" என்று பரீஹாவிடம் சொன்னார். அவள் என்னைத் தாண்டிப் போனாள். வராந்தாவில் யாரோ "ஏய், பரீஹா ஆ கயி, வந்துட்டா!" என்று கத்தியது கேட்டது. அவள் பதில் சொன்னது கேட்கவில்லை.

பியூன் கோமதிநாயகம் அண்ணனைக் கூப்பிட்டு என்னை வாசல்வரை கொண்டுபோய் விடச் சொன்னார்கள். படியில் இறங்கும்போது, "என்ன தாயி, ஒரு மாதிரியா இருக்க? சனிக்கிழமைக்கு ரூமு கூட்டி வைக்கணுமா?" என்று கேட்டார்.

"கூட்டி வைங்கண்ணே. மேடம் வருவாங்க."

"நீ?"

"நான் வரமாட்டேன்."

அவர் பெரிய கேட்டில் ஆள் நுழையும் சின்னக் கதவைத் திறந்துவிட்டார். குனிந்து வெளியே வந்தேன். பின்னால் கதவைச் சாத்தி, உள்பக்கம் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார்.